சிரிச்சது போதும், சாவியைக் குடுங்க!

வெப் டிசைன் கம்பெனிக்காரங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்து டீ குடிச்சா, டீ ஆறுறதுக்குள்ள கிளையன்ட் ஜோக் ஆரம்பிச்சிடும். இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"லோகோவ இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

"அந்தப் பக்கம் சும்மா காலியா கெடக்கே, எதாச்சும் போட்டு ரொப்புங்க."

"மொத்த வெப்சைட்டையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, வீட்ல போய் பாத்துக்கறேன்."

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி சைட்டு ஓப்பன் ஆயிடணும்."

"கூகுள்ல நம்ம பேரு மொதல்ல வரணும். யாரைப் பாக்கணும், எவ்ளோ குடுக்கணும்?"

எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒரு வெள்ளை போர்டு உண்டு. தலைப்பு: 'இந்த வார முத்து'. யாரு எந்த முத்தைக் கொண்டு வந்தாலும் எழுதலாம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருந்த போர்டு அது. நல்ல முத்துன்னா நானும் சிரிப்பேன், சாமியார் எல்லாம் கிடையாது :-)

ஆனா இந்த முத்துக்குளிக்கிற வேலையில ஒரு அயோக்கியத்தனம் ஒளிஞ்சிருக்கு. கிளையன்டுக்கு ஒண்ணும் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற தொழில் இது. அதே ஆளுக்குத் தெரியாத இன்னொரு விஷயத்தை வெச்சு, அவரோட கம்பெனி பேரையே பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடக்கிற ஆளுங்களும் இதே தொழில்லதான் இருக்காங்க. அது மட்டும் எந்த போர்டுலயும் ஏறுறதில்ல. இன்னிக்கு அதைப் பத்தித்தான்.

மொதல்ல நாங்க யாரு, எங்க கிளையன்ட் யாருன்னு சொல்லிடறேன்.

பேசின் பிரிட்ஜ் தெரியாதவங்க கம்மி. வடக்கேயோ மேற்கேயோ இருந்து சென்ட்ரலுக்கு வர்ற ட்ரெயின்ல, ஊரு வந்துடுச்சுன்னு பொட்டியைத் தூக்கிட்டு கதவுகிட்ட வந்து நின்னதும், சிக்னல் கெடைக்காம வண்டி நிக்கும் பாருங்க, அந்த எடம்தான். ஒரு பக்கம் ரயில் பெட்டியைக் கழுவுற யார்டு, இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் (மூக்கைப் பொத்திக்கவும்). அங்க ஒரு மாடியில எங்க கம்பெனி. மொத்தம் நாலரை பேரு. அந்த அரை, வாரத்துல மூணு நாள் மட்டும் வர்ற அக்கவுண்டன்ட் அம்மா.

வேலை முழுக்க முடிஞ்சும் சைட்டு வெளிய வராம கெடந்தா, எங்க ஆபீஸ் பாஷையில அதுக்கு 'பேசின் பிரிட்ஜ்ல நிக்குது'ன்னு பேரு. "அந்த ஷிப்பிங் சைட்டு என்னாச்சுப்பா?" "பேசின் பிரிட்ஜ் சார்." அவ்ளோதான், பாஸுக்குப் புரிஞ்சிடும்.

ஐ.டி.ன்னாலே ஓ.எம்.ஆர்.னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2000-ல டைடல் பார்க் தொறந்த பிறகு பெரிய பெரிய ஆர்டர் எல்லாம் தெக்கே போயிடுச்சு. எங்களுக்கு வர்றது வடக்கு. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கஸ்டம்ஸ் புரோக்கர், திருவொற்றியூர் ட்ரெய்லர் ஓனர், வியாசர்பாடி லேத் பட்டறை, காசிமேட்டுல மீன் ஏத்துமதி பண்றவர், வால்டாக்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சென்னைத் துறைமுகம், 2001-ல எண்ணூர்ல வந்த துறைமுகம் (இப்ப காமராஜர் துறைமுகம்), காட்டுப்பள்ளின்னு மூணு துறைமுகத்தைச் சுத்தி நடக்கிற பொழப்பு. சினிமாவுல வடசென்னைன்னா அருவாளும் கத்தியும்தான். எங்களுக்கு வடசென்னைன்னா ஜி.எஸ்.டி. பில்லை கரெக்டா கேட்டு வாங்கிட்டுப் போறவங்க.

இப்ப முத்துகளை ஒண்ணொண்ணா எடுப்போம்.

லோகோ பெருசா வேணும். ஏன் கேக்கறாரு? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கிட்டு நின்னு பாத்திருக்கீங்களா? அந்தப் புழுதியில, பத்து வண்டி தள்ளி இருந்து படிக்கிற மாதிரி பேரு இருக்கணும். முப்பது வருஷமா பேரைப் பெருசா எழுதித்தான் அவரு சோறு சாப்பிட்டிருக்காரு. டிசைனர் 'வொயிட் ஸ்பேஸ்'னு பெருமையா சொல்றது, அவரு கண்ணுக்கு வாடகை கட்டிட்டுப் பூட்டி வெச்சிருக்கிற கடை. சாலை வேற, திரை வேறன்னு ரெண்டு நிமிஷம் எடுத்துச் சொன்னா ஒத்துக்கப் போறாரு. சொல்றதுக்குச் சோம்பேறித்தனம். அதனால ஜோக்கு.

இதே ஆளுங்க அவங்க தொழில்ல எப்படி நடந்துக்கறாங்கன்னு பாருங்க. ஒடிஞ்சு போன ஷாஃப்டைத் தூக்கிட்டு லேத் பட்டறைக்குப் போறோம். "அண்ணே, இத மாதிரி ஒண்ணு வேணும்"ங்கறோம். என்ன ஸ்டீலு, டாலரன்ஸ் எவ்ளோ, ஒரு எழவும் நமக்குத் தெரியாது. அவரு சிரிக்கிறாரா? "எந்த மிஷின்ல மாட்டறது தம்பி, இன்னா லோடு வரும்?"னு அவரே கேட்டு, வெர்னியர் வெச்சு அளந்து, கடைஞ்சு கையில குடுக்கறாரு. தெரியாதவன் கேக்கறதுல இருந்து தேவையானதைக் கண்டுபிடிக்கிறதுதான் தொழில் தெரிஞ்சவன் வேலை. அது தெரியாதவன்தான் போர்டுல முத்து எழுதுவான்.

அடுத்த முத்து. ஒரு ஷிப்பிங் ஏஜென்சி. சைட்டைத் தொறந்தா ஒரு கப்பல் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மெதுவா போகும், சங்கு ஊதும், அப்புறம்தான் மெனுவே வரும். எவரோ செஞ்சு குடுத்த ஃப்ளாஷ் இன்ட்ரோ. 2021 ஜனவரியில அவரு எங்களுக்கு போன் பண்றாரு: "தம்பி, கப்பல் ஓடல." ஆபீஸே குலுங்கிச்சு. அந்த வருஷத்துக்கே சேர்த்து முத்து!

கொஞ்சம் யோசிங்க மக்களே. ஃப்ளாஷை 2020 டிசம்பர் 31-ஓட நிறுத்தப் போறோம்னு அடோபி 2017 ஜூலையிலயே சொல்லியாச்சு. மூணரை வருஷம் டைம் குடுத்தாங்க. 2007-ல வந்த ஐபோன்ல அந்தக் கப்பல் ஒரு நாள்கூட ஓடினதில்ல. இதெல்லாம் தெரிஞ்சிருக்க வேண்டியது யாரு? சரக்குக் கப்பல் பாக்கிற அந்தப் பெரியவரா, அவருக்கு இந்தக் கப்பலை வித்த ஆளா? ஒரே ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

"டொமைன் ரெனியூ பண்ண மறந்துட்டாராம்!"னு ஒரு ஜோக் அடிக்கடி வரும். மறக்கறது சின்னக் கடைக்காரன் புத்தின்னு நெனைப்பு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல பாஸ்போர்ட் டாட் காம்-ங்கற பேரை ரெனியூ பண்ண மைக்ரோசாஃப்ட் மறந்து போச்சு. ஹாட்மெயிலுக்குள்ள போற வழியே அதுதான். ஜனங்க உள்ள போக முடியாம தவிச்சாங்க. சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டுல 35 டாலர் கட்டி சரி பண்ணாரு. பாடம் படிச்சாங்களா? 2003-ல ஹாட்மெயிலோட பிரிட்டன் பேரையும் கோட்டை விட்டாங்க. பில் கேட்ஸ் கம்பெனி ரெண்டு தடவை மறக்கலாம், வால்டாக்ஸ் ரோடு அண்ணாச்சி ஒரு தடவை மறந்தா முத்தா?

சரி, இப்ப போர்டுல ஏறாத கதைக்கு வருவோம்.

ஒரு ட்ரெய்லர் ஓனர். ரெண்டு வண்டியில ஆரம்பிச்சு எட்டு வண்டிக்கு வந்தவரு. பத்து வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்ட சைட்டு செஞ்சிருக்காரு. பையன் டொமைனைத் தன் பேர்ல, தன் மெயில் ஐடியில எடுத்திருக்கான். அப்புறம் வெளிநாட்டுல வேலை கெடைச்சுப் போயிட்டான், நல்லா இருக்கட்டும். ரெனியூ பண்ணச் சொல்லி வந்த மெயில் எல்லாம் யாருமே தொறக்காத பொட்டியில போய் விழுந்துச்சு. கெடு முடிஞ்சுது. எவனோ எடுத்துக்கிட்டான். இப்ப அந்தப் பேரை அடிச்சா சீட்டாட்டம் வருது, பணம் கட்டி ஆடுற சீட்டாட்டம்.

எட்டு ட்ரெய்லர் கதவுலயும் அந்த அட்ரஸை மஞ்சப் பெயின்ட்டுல எழுதி வெச்சிருக்காரு. பில் புக்கு, லெட்டர் பேடு, விசிட்டிங் கார்டு எல்லாத்துலயும் அதுதான். தினமும் எட்டு வண்டியும் சூதாட்டத்துக்கு ஓசி விளம்பரம் பண்ணிக்கிட்டு துறைமுகத்துக்குப் போயிட்டு வருது.

இதைவிட மோசம் மெயில். சைட்டு போனா மானம் போவும், மெயில் போனா பணம் போவும். ஷிப்பிங் லைன், பேங்கு, பார்ட்டிங்க எல்லாரும் அந்தப் பேர்ல இருந்த மெயிலுக்குத்தான் அனுப்பிக்கிட்டிருந்தாங்க. டொமைன் யார் கையில இருக்கோ அவன் நெனைச்சா, பழைய பார்ட்டிங்க அனுப்புற மெயிலையெல்லாம் தனக்கு வர்ற மாதிரி வெச்சுக்க முடியும்.

அவரு எங்க மாடிக்கு வந்து உக்காந்து கேட்டது ஒரே கேள்வி: "இன்னா தம்பி சொல்ற? எங்கம்பேனி பேரு என்னுது இல்லியா?"

இல்லண்ணே. அதான் பதில். ஏன்னு சொல்றேன்.

டாட் காம் பேரை யாரும் கிரயம் பண்ணி வாங்க முடியாது. குத்தகைதான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து வருஷம். பதிவு யார் பேர்ல இருக்கோ அவர்தான் உரிமைக்காரர். காசு யார் பாக்கெட்ல இருந்து வந்துச்சுங்கறது கணக்கில் வராது. கெடு முடிஞ்சா, பதிவு செஞ்ச கம்பெனி மனசு வெச்சா 45 நாள் வரைக்கும் சலுகை. பல கம்பெனிங்க அதுக்குள்ளயே ஏலத்துல விட்டுடும். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அபராதத்தோட. அப்புறம் 5 நாள். அதுக்கு மேல, முந்துறவனுக்குத்தான் அந்தப் பேரு.

டொமைனை வேற கம்பெனிக்கு மாத்தணும்னா ஒரு ரகசிய எண் வேணும். உரிமைக்காரர் கேட்டா அஞ்சு நாளுக்குள்ள குடுத்தாகணும்னு ஐகான் விதி இருக்கு. கவனிங்க, உரிமைக்காரர் கேட்டா! பதிவு டிசைனர் பேர்ல இருந்தா, அந்த விதி டிசைனருக்குத்தான் காவல். முன்னாடியெல்லாம் ஒரு டொமைன் யார் பேர்ல இருக்குன்னு யார் வேணும்னாலும் பாக்கலாம். 2018 மே மாசம் ஐரோப்பாவுல தனிநபர் தகவல் சட்டம் வந்த பிறகு, பெரும்பாலும் பேரை மறைச்சிடறாங்க. அதனால ஏமாந்தது ஏமாந்தவருக்கே தெரியாது, கெடு முடியற வரைக்கும்.

கோர்ட்டுக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. போகலாம். 2004-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு: டொமைன் பேரும் வியாபாரப் பேரு மாதிரிதான், அதே பாதுகாப்பு உண்டுன்னு. அந்த வழக்கைப் போட்டது நம்ம சென்னைக் கம்பெனிதான். சிஃபின்னு சொல்ற சத்யம் இன்ஃபோவே. சிவில் கோர்ட்டுல ஜெயிச்சு, கர்நாடகா ஹைகோர்ட்டுல தோத்து, டெல்லி வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. அது நாஸ்டாக்குல பங்கு வித்த கம்பெனி. எட்டு ட்ரெய்லர் வெச்சிருக்கிறவர் அந்தப் படியெல்லாம் ஏறுவாரா? டாட் காம் தகராறுக்கு 1999-ல இருந்து ஒரு நடுவர் ஏற்பாடும் இருக்கு. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புல ஒரே ஒரு நடுவரை வெச்சு வழக்கு நடத்த கட்டணம் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி. டாட் இன் பேருக்கு 2005-ல இருந்து இங்கயே ஒரு ஏற்பாடு உண்டு. வருஷத்துக்கு ஆயிரம் ரூபா சொச்சம் கட்டி முடிக்க வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு அலைச்சல்.

சவுகார்பேட்டை அடகுக் கடையில மூக்குத்தி வெச்சாகூட சீட்டு குடுத்தாகணும். 1943-ல போட்ட அடகு பிடிப்போர் சட்டம் அப்படிச் சொல்லுது. கம்பெனி பேரையே வாங்கி வெச்சுக்கற நம்ம தொழில்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இந்த லட்சணத்துல கிளையன்டைப் பாத்து நக்கல் வேற.

"இதெல்லாம் சொன்னா அவங்களுக்குப் புரியாது சார்." இது ரெண்டாவது பொய். ஒரு கஸ்டம்ஸ் புரோக்கருக்கு இதை நான் சொன்னது இப்படித்தான்: "சார், டொமைன் பதிவுங்கறது பில் ஆஃப் லேடிங் மாதிரி. அதுல கன்சைனி பேரு யாருதோ அவருக்குத்தான் சரக்கு. நாங்க உங்கள மாதிரி வெறும் ஏஜென்ட்." அரை நிமிஷம் ஆகல. மனுஷன் நிமிந்து உக்காந்துட்டாரு. "அப்ப இவ்ளோ நாளா கன்சைனி யாருய்யா?"

புரியலையாம்! வேற ஒருத்தர் சரக்கைத் தன் பேர்ல இறக்கினா லைசென்ஸே போயிடும்னு தெரிஞ்ச ஆளு அவரு. பார்ட்டிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கித்தான் பில் ஆஃப் என்ட்ரி போடணும், ஐ.இ.சி. நம்பர் இறக்குமதி பண்றவரோடதா இருக்கணும்னு தினம் பாக்கிறவரு. ஏஜென்டோட எல்லை எதுன்னு அவருக்கு நாம பாடம் எடுக்க வேண்டியதில்ல. அவர்கிட்ட நாம கத்துக்கணும்.

அடுத்து வருவாங்க பாருங்க, கறார் பேர்வழிங்க. "பேமென்ட் வராது பாஸு. டொமைன் நம்ம கையில இருந்தாத்தான் காசு வரும்." இதுல பாதி நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். இழுத்தடிக்கிற கிளையன்ட் உண்டு. மூணு மாசம் 'நாளைக்கு வாங்க தம்பி' சொல்லி, நாலாவது மாசம் போனையே எடுக்காதவங்க உண்டு. நாலரை பேர் கம்பெனியில ஒரு பில் நின்னா ஒருத்தர் சம்பளம் நிக்கும்.

அதுக்கு வழி இல்லையா? பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்குங்க. டிசைன் ஓகே ஆனதும் கால்வாசி. மிச்சம் வந்த பிறகுதான் சைட்டு பேசின் பிரிட்ஜ்ல இருந்து சென்ட்ரலுக்குப் போகும்னு முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்க. நம்ம உழைப்பை நிறுத்தி வெக்க நமக்கு உரிமை உண்டு, அவரு பேரை நிறுத்தி வெக்க இல்ல. இன்னொண்ணு. உத்யம் பதிவு பண்ணி வெச்சிருந்தா, 2006-ல வந்த சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல பில்லை இழுக்க முடியாது. இழுத்தா ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு, கூட்டு வட்டி. 2017-ல இருந்து 'சமாதான்'னு ஆன்லைன்லயே புகார் குடுக்கற வசதியும் இருக்கு. இதையெல்லாம் படிக்கச் சோம்பல்பட்டு அடுத்தவன் பேரைப் பணயம் வெக்கிறதுக்குப் பேரு கறார் இல்ல.

இன்னொரு சாக்கு: "சாவியைக் குடுத்தா தொலைச்சிடுவாரு." அண்ணாச்சி கடை பீரோவைத் தொறந்து பாருங்க. அவங்க அப்பா காலத்துப் பேரேடு இருக்கும். பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், லாரி ஆர்.சி. புக்கு எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சு வெச்சிருப்பாரு. டொமைன் விவரத்தை ஒரு தாள்ல அச்சடிச்சு, 'இதுவும் ஒரு பத்திரம்தான்'னு சொல்லிக் குடுங்க. அதே பீரோவுல போகும். தொலையாது. எங்க பாஸ் இந்த ஒரு விஷயத்துல படு கறாரு. சைட்டு வெளிய வர்ற அன்னிக்கே அந்தத் தாளும் கிளையன்ட் கைக்குப் போயிடும். அதுக்காக எங்களை விட்டு ஓடிப் போனவங்க யாரும் இல்ல. வருஷா வருஷம் அவங்களாதான் திரும்ப வர்றாங்க.

சின்னக் கம்பெனி வெச்சு, சைட்டும் வெச்சிருக்கிற மக்களுக்கு: நாளைக்கே உங்க டிசைனருக்கு போன் போட்டு நாலே கேள்வி கேளுங்க. டொமைன் எந்தக் கம்பெனியில பதிவாயிருக்கு? யார் பேர்ல, எந்த மெயில் ஐடியில? கெடு எந்தத் தேதி? அந்த அக்கவுண்டோட பாஸ்வேர்டு என்கிட்ட எப்ப வரும்? நல்ல டிசைனர்னா அஞ்சு நிமிஷத்துல பதில் வரும். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்'னு பதில் வந்தா, உடனே மாத்தச் சொல்லுங்க. எழுத்துல, மெயில்ல கேளுங்க. அந்த மெயிலை பத்திரமா வெச்சுக்கோங்க.

நம்ம தொழில் ஆளுங்களுக்கு: ஜோக் அடிங்கப்பா, யாரு வேணாம்னா? தினமும் பத்து மணி நேரம் பொட்டி தட்டுறவனுக்குச் சிரிப்பு இல்லாம ஓடாது. ஆனா ஒரு கிளையன்டைப் பத்தி முத்து எழுதறதுக்கு முன்னாடி, அந்த ஆளோட டொமைன் யார் பேர்ல இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க. உங்க பேர்ல இருந்தா, சிரிக்க வேண்டியது அவரு.

டிஸ்கி: இதுல வர்ற கிளையன்டுகளை யாரும் அடையாளம் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு வண்டி எண்ணிக்கை, பெயின்ட் கலர் எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன். சீட்டாட்டம் மட்டும் மாத்தல.